ரொட்டியை நிறுக்கும் தொலைபேசி



ஒரு தேங்காய் ரொட்டியில் எத்தனை கலோரி இருக்கிறது? எங்கள் உம்மும்மாவிடம் இப்படிக் கேட்டிருந்தால், “திங்கப் போறியா, எண்ணப் போறியா?” என்று அகப்பையை ஓங்கியிருப்பார். இன்று பிள்ளைகள் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். கேட்பது உங்களிடமல்ல, கைத்தொலைபேசியிடம். காலையில் என்ன, பகலில் எத்தனை அகப்பை சோறு, மாலையில் எத்தனை ரோல்ஸ் என்று பதிந்துவிட்டால், ‘இன்று இவ்வளவு உள்ளே போய்விட்டது, இனி இவ்வளவுதான் மிச்சம்’ என்று அது கணக்குச் சொல்கிறது. வங்கிப் புத்தகம் போல வயிற்றுக்கும் ஒரு வரவு செலவு.

பாவிப்பதோடு இது நிற்கவில்லை. கணனி படிக்கும் பிள்ளைகள் பலர், தமது படிப்பின் இறுதிச் செயற்றிட்டமாக இத்தகைய செயலியொன்றைத் தாமே செய்துவிட ஆசைப்படுகின்றனர். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருக்கும் எமது வீடுகளிலும் அந்த ஆசை புகுந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் அப்பிள்ளை முதலில் வந்து நிற்க வேண்டிய இடம் கணனிக்கு முன்னால் அல்ல, உங்கள் அடுப்பங்கரை வாசலில். ஆகவேதான் இம்மாதம் உங்களோடு இதைப் பற்றிக் கதைக்க விரும்புகிறேன்.

முதலில் கலோரி என்றால் என்னவென்று பார்ப்போம். ஒரு கிலோ தண்ணீரை ஒரு பாகை செல்சியஸ் சூடாக்குவதற்கு வேண்டிய வெப்பமே உணவுக் கணக்கில் ஒரு கலோரி. (விஞ்ஞானப் புத்தகத்தில் இதற்குக் கிலோ கலோரி என்று பெயர். பேச்சு வழக்கில் கிலோ உதிர்ந்துவிட்டது.) விறகு எரிந்து அடுப்பு சூடாவது போல, உணவு உடலுக்குள் எரிந்து தரும் சூட்டை அளக்கும் அளவுகோல் அது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வில்பர் அட்வாட்டர் என்ற அமெரிக்க இரசாயன அறிஞர், மனிதரொருவரை மூடிய அறைக்குள் இருத்தி, அவர் உண்பதையும் அவரிடமிருந்து வெளிவரும் வெப்பத்தையும் அளந்தார். மாச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்ற கணக்கு அவரது ஆய்வுகளிலிருந்து வந்ததுதான். இன்று தொலைபேசியில் மின்னும் எண்களுக்கு அடியில் கிடப்பதும் அந்தப் பழைய கணக்கே.

ஆக, செயலிக்கு உள்ளே நடப்பது பெரிய மாயமொன்றுமில்லை. எந்த உணவில் என்ன சத்து என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நீங்கள் எவ்வளவு உண்டீர்கள் என்று சொல்கிறீர்கள். அது பெருக்கிக் கூட்டுகிறது. கூட்டுவதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும். கஷ்டமெல்லாம் பட்டியலிலும் அளவிலும்தான் இருக்கிறது.

பட்டியலை எடுங்கள். அமெரிக்க விவசாயத் திணைக்களம் மிகப் பெரிய உணவுப் பட்டியலொன்றை வைத்திருக்கிறது. யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம். இந்தியாவில் ஹைதராபாத்திலுள்ள தேசிய போஷாக்கு நிறுவனம் 2017இல் 528 உணவுப் பொருட்களை ஆய்வு செய்து ஓர் அட்டவணை வெளியிட்டது. எமது நாட்டின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகமும் இத்தகைய அட்டவணையைத் தயாரித்திருக்கிறது. ஆனால் இந்த அட்டவணைகளில் பெரும்பாலும் இருப்பவை அரிசி, பருப்பு, கீரை, மீன் என்ற மூலப் பொருட்கள். நாம் உண்பதோ சமைத்த சாப்பாடு. இரண்டுக்கும் இடையில் ஒரு பெண்ணின் கை இருக்கிறது. அந்தக் கை எவ்வளவு தேங்காய் துருவியது, எவ்வளவு எண்ணெய் விட்டது என்பதை எந்த ஆய்வுகூடமும் அறியாது.

அந்த ரொட்டிக்கே வருவோம். 100 கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 350 கலோரி உண்டு. 25 கிராம் தேங்காய்ப்பூ சேர்த்தால் இன்னும் 90 வரும். மொத்தம் 440. அதை ஒரே மொத்த ரொட்டியாகத் தட்டினால் ஒரு ரொட்டிக்கு 440. இரண்டாகத் தட்டினால் ஒன்றுக்கு 220. ஆனால் பிள்ளை தொலைபேசியில் ‘ரொட்டி’ என்று தட்டினால், அது அறிந்த ரொட்டி அநேகமாக வட இந்தியாவின் மெல்லிய சப்பாத்தி. 30 கிராம் மாவில் செய்தது. நூற்றுச் சொச்சம் கலோரி. லயத்துப் பெண் விடியற்காலையில் தட்டி, கட்டச் சம்பலோடு மலைக்குக் கொண்டுபோகும் மொத்த ரொட்டிக்கும் இதற்கும் நான்கு மடங்கு வித்தியாசம். பெயர் ஒன்று, பொருள் வேறு. அறபு இலக்கணம் படிப்பிக்கும் எமக்கு இது பழகிய தொல்லைதான். ஆனால் இங்கே பிழைத்துப் போவது சொல்லல்ல, சாப்பாட்டுக் கணக்கு.

அளவு அதைவிடப் பெரிய சிக்கல். செயலி ‘ஒரு கப்’ என்கிறது. எந்தக் கப்? எமது வீடுகளில் சுண்டு இருக்கிறது, அகப்பை இருக்கிறது, கைப்பிடி இருக்கிறது. கல்யாண வீட்டில் ஸஹன் இருக்கிறது! ஆறு பேர் சுற்றி அமர்ந்து ஒரே தாலத்தில் உண்ணும்போது, ஒருவருடைய பங்கை எப்படிப் பதிவது? ஆறால் பிரிக்கலாமா? கோழித் துண்டைப் பக்கத்திலிருப்பவர் பக்கம் தள்ளிவிடும் தாராளமானவரும், பேசாமலே பாதி ஸஹனை முடித்துவிடும் பசிக்காரரும் ஒரே தாலத்தில்தானே அமர்கிறார்கள். நோன்புக் கஞ்சியும் அப்படியே. ஒவ்வொரு பள்ளிவாசலின் கஞ்சிக்கும் ஒவ்வொரு கைப்பதம். இதையெல்லாம் படமெடுத்தால் கண்டுபிடித்துவிடும் செயலிகள் இப்போது வந்திருக்கின்றன. படத்தில் கஞ்சி தெரியும். கஞ்சிக்குள் போன தேங்காய்ப்பால் தெரியுமா?

எண்ணெய்க்கு மாத்திரம் ஒரு சுலபமான வழி இருக்கிறது. கரண்டி கரண்டியாக அளக்க வேண்டாம். புதுப் போத்தல் திறந்த திகதியை அதன் மேலேயே எழுதிவிடுங்கள். ஒரு லீற்றர் தேங்காய் எண்ணெயில் 8000க்கு மேற்பட்ட கலோரி உண்டு. ஐந்து பேருள்ள வீட்டில் அது பத்து நாளில் முடிந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 160 கலோரிக்கு மேல் எண்ணெயிலிருந்து மட்டுமே போயிருக்கிறது. ஐந்து நாளில் முடிந்தால் 320க்கு மேல். செயலி இதைக் கேட்பதில்லை. கேட்டிருந்தால் பல வீடுகளின் குட்டு வெளிப்பட்டிருக்கும்!

இந்தச் செயலிகள் எப்படிப் பிறந்தன என்பதில் ஒரு பாடம் இருக்கிறது. உலகில் மிகப் பெயர்பெற்ற ஒன்றான மைஃபிட்னெஸ்பால், அமெரிக்காவில் 2005இல் தொடங்கியது. அதைச் செய்த மைக் லீ என்பவர், தமது கல்யாணத்துக்கு முன் எடையைக் குறைக்க நினைத்தார். பயிற்சியாளர் கொடுத்த கலோரிப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி எழுதுவது அலுத்துப் போய், அந்த வேலையைக் கணனியிடம் ஒப்படைத்தார்.

இந்தியக் கதை முற்றிலும் வேறு. 2011இல் பெங்களூரில் துஷார் வசிஷ்ட், மேத்யூ செரியன் என்று இரு இளைஞர்கள் இருந்தனர். இருவரும் அமெரிக்காவில் படித்தவர்கள். ஆதார் அடையாள அட்டைத் திட்டத்தில் வேலை செய்ய நாடு திரும்பியவர்கள். ஒரு சாதாரண இந்தியர் எப்படி வாழ்கிறார் என்று அறிய விரும்பி, வாடகை நீங்கலாக நாளுக்கு 100 ரூபாயில் வாழ்ந்து பார்த்தனர். இறைச்சி போயிற்று. நெய் போயிற்று. விலைக்கு எவ்வளவு சத்து என்று ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினர். சோயா மீற் அவர்களுக்குப் பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. மலிவு விலையில் புரதம்.

அவ்வாண்டு செப்டம்பரில் இந்தியத் திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில், நகரத்தில் 32 ரூபாயும் கிராமத்தில் 26 ரூபாயும் செலவிடக் கூடியவர் ஏழையல்ல என்ற கருத்தில் ஒரு கணக்கைக் கொடுத்தது. இவர்கள் விடவில்லை. மேத்யூவின் பூர்வீக ஊரான கேரளத்துக் கருகச்சாலுக்குப் போய், அந்த 26 ரூபாயில் வாழ்ந்தனர். சாப்பாட்டுக்கு மிஞ்சியது 18 ரூபாய். புழுங்கலரிசிச் சோறு, கிழங்கு, வாழைப்பழம், பால் இல்லாத தேநீர். நாள் முழுதும் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே வரவில்லையாம். துணி தோய்க்கும் சவர்க்காரத்திலும் மிச்சம் பிடித்தார்கள். தொலைபேசியில் பேசவும் காசில்லை. அந்தத் துஷார் வசிஷ்ட்தான் அடுத்த வருடம், 2012இல், பெங்களூரில் ஹெல்திஃபைமீ என்ற நிறுவனத்தை நண்பர்களோடு தொடங்கியவர். இட்லி, தோசை, சாம்பார் என்று இந்தியச் சாப்பாட்டுக்குக் கணக்குச் சொல்லும் செயலியாக அது பெயரெடுத்தது.

சகோதரிகளே, இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? பசியை எண்ணிப் பார்த்த ஒருவரின் கையிலிருந்து வந்த செயலியும் கடைசியில் போய்ச் சேர்ந்தது எடை குறைக்க விரும்புவோரிடம்தான். அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. காசு கொடுத்து வாங்குவோர் அங்கேதான் இருக்கிறார்கள். எண்ணுவதற்குச் சாப்பாடு இல்லாதவன் செயலிக்குச் சந்தா கட்டுவானா?

இப்போது எமது மலைக்கு வாருங்கள். ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா என்று போகும் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். பாதையின் ஓரத்தில் கடைவீதி. அங்கே எமது வீடுகள். கடையில் அமர்ந்தே நாளைக் கழிக்கும் வாப்பாமார், புரியாணியும் வட்டிலப்பமும் குறையாத விருந்துகள், மருந்துப் பெட்டியில் சீனி வியாதிக் குளிசை. 2005, 2006ஆம் ஆண்டுகளில் நாடு தழுவி நடந்த ஆய்வொன்று, வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருப்பதைக் கண்டது. இந்த வீடுகளுக்குக் கலோரி எண்ணும் செயலி பிரயோசனமானதே. வைத்தியர் சொன்ன அளவைத் தாண்டுகிறோமா என்று பார்க்க அது ஒரு கண்ணாடி.

பாதையின் மேலே ஏறுங்கள். அங்கே லயம். 2016இல் எமது நாட்டில் நடந்த குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ 100க்கு 32 பேர். நுவரெலியா மாவட்டத்தை மாத்திரம் எடுத்தாலும் கிட்டத்தட்ட அதே எண்தான். கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு என்று கொழும்புக்கு லொறி லொறியாக மரக்கறி அனுப்பும் மாவட்டம் இது! அந்த லொறிகள் இறங்கும் பாதையோரத்துப் பிள்ளைகளில் மூன்றில் ஒன்று குட்டையாகவே நின்றுவிடுகிறது. 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்தபோது 63 இலட்சம் பேர் உணவுக்கு உத்தரவாதமில்லாத நிலையில் இருப்பதாக ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டன. அப்போதும் அதிகம் அடிபட்டது தோட்டப்புறமே.

அந்த வீட்டுக்கு இந்தச் செயலியைக் கொண்டுபோங்கள். திறந்ததும் அது கேட்கும் கேள்வி என்ன? ‘எத்தனை கிலோ குறைக்க விரும்புகிறீர்கள்?’ அடுத்து, நீங்கள் எவ்வளவு அசைகிறீர்கள் என்று கேட்கிறது. ஓட்டம், நீச்சல், சைக்கிள் என்று பட்டியல் நீள்கிறது. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, அட்டைக்கடியோடு, செங்குத்தான மலையில் 18, 20 கிலோ கொழுந்து பறிப்பது எந்த வகுப்பில் சேரும்? ஒரு நாளைக்கு உடலுக்கு எவ்வளவு வேண்டும் என்று செயலிகள் போடும் கணக்கு, 1919இல் ஹரிஸ், பெனடிக்ட் என்ற இரு அமெரிக்கர்கள் வகுத்த சூத்திரத்திலிருந்தும் 1990இல் அங்கேயே வந்த இன்னொன்றிலிருந்தும் எடுக்கப்படுவது. அவற்றைப் பிழையென்று தள்ள முடியாது. ஆனால் அந்த எண்ணோடு நீங்கள் சேர்க்கும் ‘அசைவு’ பிழைத்தால் விடையும் பிழைத்துவிடும்.

செயலி செய்யப் புறப்படும் எமது பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். தட்டை எண்ணுவதற்கு முன்னால் கடைக் கொப்பியைப் பாருங்கள். மலையகத்து நகரங்களில் எமது ஆட்கள் பலர் பலசரக்குக் கடை வைத்திருப்பவர்கள். தோட்டத்துக் குடும்பங்கள் மாதம் முழுவதும் கடனுக்குச் சாமான் வாங்கி, சம்பளத்தன்று கட்டும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அந்தக் கொப்பியில் ஒரு குடும்பத்தின் போஷாக்கு முழுதும் எழுதிக் கிடக்கிறது. யாரும் அதை அந்தக் கண்ணால் வாசிப்பதில்லை.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஐந்து பேருள்ள ஒரு குடும்பம் மாதத்துக்கு 25 கிலோ கோதுமை மா, 6 கிலோ சீனி, 2 கிலோ பருப்பு வாங்குவதாக வையுங்கள். ஐந்து பேர், 30 நாள். அதாவது 150 பங்கு. மாவில் ஆளுக்கு நாளொன்றுக்கு 166 கிராம், ஏறத்தாழ 580 கலோரி. சீனி 40 கிராம், 160 கலோரி. பருப்பு? 13 கிராம்! ஒரு மேசைக் கரண்டி. அதிலுள்ள புரதம் மூன்று கிராமுக்குச் சற்று மேல். தட்டைப் பார்த்தால் பருப்புக் கறி இருக்கிறது. கொப்பியைப் பார்த்தால்தான் அது எவ்வளவு தண்ணீரான கறி என்று தெரிகிறது. ஒரு நாள் மறைக்கலாம், ஒரு மாதம் மறைக்க முடியாது. அரசாங்கமும் இப்படித்தான் கணக்கிடுகிறது. 2002ஆம் ஆண்டின் குடும்ப வருமான செலவின அளவீட்டை வைத்து எமது நாட்டின் உத்தியோகபூர்வ வறுமைக் கோட்டை வகுத்தபோது, ஆளுக்கு நாளொன்றுக்கு 2030 கலோரி என்பதையே அடிப்படையாகக் கொண்டார்கள். கடைக்காரரின் அனுமதியோடும் வாங்குபவரின் சம்மதத்தோடும், பெயரை நீக்கிவிட்டு, இந்தக் கணக்கைச் செய்யும் ஒரு செயலி எவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் தெரியுமா? சம்மதம் என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். ஒருவருடைய கடன் கொப்பி அமானிதம்.

கலோரி மாத்திரம் கதையைச் சொல்லிவிடும் என்றும் எண்ணிவிடாதீர்கள். தேநீரை எடுங்கள், இது நாம் எல்லோரும் குடிப்பது, எமது மலையின் பிழைப்பும்கூட. ஒரு பிளேன்டீக்கு இரண்டு கரண்டி சீனி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் ஏறத்தாழ 50 கிராம் சீனி, 200 கலோரி. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னபடி, நாளுக்கு 2000 கலோரி உண்பவர் சேர்த்துக்கொள்ளும் சீனி 50 கிராமுக்குள் நிற்க வேண்டும். அதில் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது. தேநீரிலேயே கணக்கு முடிந்துவிட்டது! இதைச் செயலி சொல்லும். அது சொல்லாத இன்னொன்று இருக்கிறது. சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடித்தால், பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது வெகுவாகக் குறைந்துவிடும். தேயிலையின் சாயத்திலுள்ள பொருட்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சீனி போடாத தேநீருக்குக் கலோரி பூச்சியம் என்று பச்சை நிறத்தில் காட்டும் தொலைபேசி, கர்ப்பிணிப் பெண்ணின் இரத்தத்திலிருந்து அந்தக் கோப்பை எதைப் பறித்தது என்று காட்டுவதில்லை. கிளினிக்கில் கொடுக்கும் இரும்புக் குளிசையை ரொட்டிக்கும் சாயத்துக்கும் இடையில் விழுங்கும் சகோதரிகள் எத்தனை பேர்! சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்துத் தேநீர் குடியுங்கள். சாப்பாட்டில் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள், அல்லது ஒரு கொய்யாப்பழம் சாப்பிடுங்கள். அவற்றிலுள்ள விற்றமின் சி, இரும்பு உடலில் சேர்வதற்கு உதவும்.

உண்மையில் போஷாக்கைப் பதியும் ஒரு கருவி, தொலைபேசி வருவதற்கு வெகு காலத்துக்கு முன்னரே எமது வீடுகளுக்கு வந்துவிட்டது. பிள்ளை பிறந்ததும் கிளினிக்கில் தரும் வளர்ச்சிப் பதிவேடுதான் அது. மருத்துவமாது பிள்ளையை நிறுத்து, அதில் ஒரு புள்ளி வைக்கிறார். புள்ளிகளை இணைத்தால் கோடு. கோடு மேலே ஏறுகிறதா, படுத்துவிட்டதா? பச்சையில் நிற்கிறதா, செம்மஞ்சளுக்கு இறங்கிவிட்டதா? எழுதப் படிக்கத் தெரியாத தாயும் நிறத்தைப் பார்த்தே விளங்கிக்கொள்வாள். 2016இல் எமது நாட்டில் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கு ஏற்பச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளம் இட வேண்டும் என்று சட்டம் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. கடைக்குப் போகும் பிள்ளையிடம் “சிவப்பு வேண்டாம்” என்று சொன்னால் போதும். எண்களைக் கொட்டும் செயலியை விட, நிறத்தைக் காட்டும் காகிதம் சில வேளை கூட வேலை செய்கிறது.

அந்தக் கோடு படுத்துவிட்டால் காரணம் சாப்பாடு மாத்திரமல்ல. அடிக்கடி வரும் வயிற்றோட்டம், சுத்தமில்லாத தண்ணீர், ஒரே காம்பராவுக்குள் அடுப்புப் புகை, பிள்ளையைச் சுமந்தபோது தாய் பட்டினி கிடந்தது, எல்லாம் அந்தக் கோட்டில் எழுதப்படும். கருவில் தரித்த நாள் முதல் இரண்டாவது பிறந்த நாள் வரையான ஆயிரம் நாட்களே உயரத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். கலோரிப் பட்டியலில் தண்ணீர்க் குழாய்க்கு இடமில்லை.

திரிபோஷாவைப் பாருங்கள். சோளமும் சோயாவும் சேர்த்து, விற்றமின்களும் கனிமங்களும் கலந்து, 1973இலிருந்து எமது நாட்டில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கொடுக்கப்பட்டு வந்த மா அது. 2022 நெருக்கடியில் பிள்ளைகளுக்கான விநியோகம் தடைப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதில் 50 கிராம் ஏறத்தாழ 200 கலோரி, 10 கிராம் புரதம். பிள்ளையின் பெயரில் செயலியில் பதிந்துவிடலாம். ஆனால் அந்தப் பக்கற்றை வீட்டில் எத்தனை பேர் பங்கு போட்டார்கள்? பசித்த அண்ணனுக்கு முன்னால் தம்பிக்கு மாத்திரம் உருண்டை பிடித்துக் கொடுக்க எந்தத் தாயால் முடியும்? செயலியில் 200 என்று நிற்கும். பிள்ளையின் வயிற்றில் 50தான் போயிருக்கும். இந்த இடத்தில் பதிவைக் குறை சொல்வதா, தாயைக் குறை சொல்வதா?

இனி எமது வீட்டுப் பெண் பிள்ளைகளைப் பற்றி. பதினைந்து, பதினாறு வயதில் தொலைபேசியில் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, ‘1200க்கு மேல் போகக் கூடாது’ என்று சோற்றைத் தள்ளிவைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வளரும் பிள்ளைக்கு அது போதாது. மாதந்தோறும் இரத்தம் இழக்கும் வயது. எலும்பு உறுதிப்படும் வயது. தொலைபேசி சொன்னது என்பதற்காக அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள விடாதீர்கள். பிள்ளை சாப்பாட்டைக் கண்டு பயப்படுகிறாள், உண்டதற்காக வருந்துகிறாள், தனியே சாப்பிட ஒதுங்குகிறாள் என்று கண்டால், திட்டாமல் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் எடை குறைக்கும் செயலியைப் பக்கத்திலும் சேர்க்க வேண்டாம்.

எடை, உயரம், மாதவிலக்கு, நோய் என்று ஒரு பெண்ணின் உடல் விபரமெல்லாம் அதில் எழுதப்படுகிறது. எங்கே போகிறது அது? 2018இல், முன்னே சொன்ன மைஃபிட்னெஸ்பாலின் 15 கோடிப் பாவனையாளர்களின் பெயர், மின்னஞ்சல் விபரங்கள் திருடப்பட்டதாக அதன் உரிமையாளர்களே அறிவித்தார்கள். எமது நாட்டிலும் 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. செயலி செய்யும் பிள்ளை, தேவையில்லாததைக் கேட்காமலே விட்டுவிடுவது எல்லாப் பூட்டையும் விட நல்ல பூட்டு.

வயதான சகோதரிகள் சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். “மௌலவி, சாப்பாட்டை அளந்தால் பரக்கத் போய்விடாதா?” அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வீட்டிலிருந்த வாற்கோதுமையிலிருந்து நீண்ட காலம் உண்டு வந்ததும், ஒரு நாள் அதை அளந்து பார்த்த பின் அது தீர்ந்து போனதும் புகாரி கிரந்தத்தில் வருகிறது. அதே கிரந்தத்தில் உணவை அளந்துகொள்ளுமாறு ஏவும் நபிமொழியும் இருக்கிறது. வாங்கும்போதும் விற்கும்போதும் அளப்பது கடமைக்கு. இன்னும் எவ்வளவு மிச்சம் என்று ஆசையோடு எட்டிப் பார்த்து அளப்பது வேறு என்று அறிஞர்கள் இரண்டையும் இணைத்து விளக்கியிருக்கிறார்கள். நோயாளிக்காகவும் பிள்ளைக்காகவும் அளப்பதில் தடையொன்றுமில்லை. விருந்தாளியின் தட்டை மாத்திரம் எண்ணாதீர்கள்!

உங்கள் மகனோ மகளோ இவ்வேலையில் இறங்கினால், ஒரு வார காலம் அடுப்படியில் உங்களோடு நிற்கச் சொல்லுங்கள். தராசு அவர்கள் கையில் இருக்கட்டும், மா உங்கள் கையில் இருக்கட்டும். ‘ரொட்டி’ என்று தட்டினால் கடை ரொட்டி, வீட்டு ரொட்டி, தோட்டத்து மொத்த ரொட்டி என்று மூன்று வர வேண்டும். சுண்டும் அகப்பையும் எத்தனை கிராம் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் பேசினால் கேட்க வேண்டும். சிக்னல் இல்லாத மலை மடிப்பிலும் வேலை செய்ய வேண்டும். பொதுக்கென்று ஒரு தொலைபேசி மாத்திரம் உள்ள வீட்டில் ஐந்து பேருக்கும் தனித்தனிப் பக்கம் இருக்க வேண்டும். திறந்ததும் வரும் முதற் கேள்வியை மாற்றச் சொல்லுங்கள். ‘எத்தனை கிலோ குறைக்க விரும்புகிறீர்கள்?’ என்பதற்குப் பதிலாக, ‘வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கிறதா, கடைசியாக எப்போது நிறுத்தீர்கள்?’ என்று அது கேட்கட்டும்.